எடைத்தரை

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்களாம். தண்ணீர் வருகிறதா, உப்பா, சமையலறை எந்த மூலையில், குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றெல்லாம். இப்போதும் பார்க்கிறார்கள்தான், ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரம் எல்லாரும் குனிந்து தரையைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தரையைப் படித்துச் சொல்வது என் வேலை.

பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று ஆட்களோடு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் எடைத்தரை கட்டாயமானது. ஒவ்வொரு தரைக்கல்லுக்கும் அடியில் தலைமுடி மெல்லிசில் ஒரு வலை இருக்கும். எந்த நேரத்தில் அந்தக் கல்லின் மேல் எத்தனை கிலோ நின்றது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். கட்டடம் தாங்குமா என்று தெரிந்துகொள்ள வந்த ஏற்பாடு அது. ஆனால் நம் ஆட்கள் கையில் எது கிடைத்தாலும் கடைசியில் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கத்தானே உதவும்! நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் தங்கினார்களா என்று வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள், சண்டையா, சாவா என்று குடிவருகிறவர்கள் பார்த்தார்கள். வழக்கு மேல் வழக்காகி ஒரு நடைமுறை வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உரிமம் பெற்ற ஆய்வர் ஒருவர் பழைய குடியின் பதிவு முழுவதையும் படித்துச் சான்று எழுத வேண்டும். குடிவர நினைப்பவர் மூன்று முறை, தடவைக்கு அரை மணி நேரம், தான் கேட்கும் நாளைப் போட்டுப் பார்க்கலாம். பெயர் இருக்காது, எடை மட்டும் இருக்கும். கையெழுத்து விழுந்ததும் பழைய பதிவு அழிந்துவிடும். புதுக் குடிக்குப் புதுத் தரை.

மூவாயிரத்துச் சொச்சம் தரைகளைப் படித்துவிட்டேன். முதல் வருடம் சோறு இறங்கவில்லை. ஒரு எடை இன்னொரு எடையைச் சுவரோரம் நெருக்கிக்கொண்டு நிற்பதையும், ஒரு எடை காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒரே கல்லில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தால் எப்படி இறங்கும்? பிறகு பழகிவிட்டது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி. இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. அப்படி இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மதுமிதா அம்மா வந்தது ஆடி மாதத்தில். அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் எந்தக் குடும்பம் ஆடியில் வீடு பார்க்கும்? சரவணம்பட்டியில் ஒரு குடியிருப்பு, நாலாவது மாடி, சி வீடு. சொந்தக்காரர் மெல்போர்னில் இருந்தார். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது லோகேஷ் என்ற புரோக்கர். ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாதத்தில் ஆள் வந்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

"வாங்கம்மா. காத்து பிச்சுக்கும். ரெண்டு பக்கமும் பால்கனி. தண்ணி இருபத்திநாலு மணி நேரமும்" என்று ஆரம்பித்தான்.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு மட்டும். பொட்டில்லை. அந்தத் தலைமுறைக்குப் பெயர்கள் மட்டும் சினிமாக் கதாநாயகி மாதிரி இருக்கும். ஆள் காட்டிலும் தோட்டத்திலும் வெயில் வாங்கிய ஆள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தார். குழாயைத் திறக்கவில்லை. பால்கனிக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தரை காட்டறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்கம்மா. எந்த நாளைப் போடட்டும்? கார்த்திகையில இருந்து வைகாசிக் கடைசி வரைக்கும் இருக்குது."

"ஏதாச்சும் ஒரு நாளுங்க. சும்மா சாதாரண நாளு."

சாதாரண நாளை யாரும் கேட்டதில்லை. பண்டிகை நாள், மழை பெய்த நாள், காலி செய்த நாள் என்றுதான் கேட்பார்கள். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் போட்டேன். என் கருவியைத் தரையில் வைத்து முடுக்கினால், எடை விழுந்த கல் எல்லாம் லேசாக வெளிச்சமாகும். எடை கூடினால் வெளிச்சமும் கூடும். படுக்கையறையிலிருந்து ஒரு வெளிச்சம் எழுந்து சமையலறைக்குப் போயிற்று. அறுபத்தோரு கிலோ. அடுப்பு முன்னால் நின்றது, தொட்டிப் பக்கம் போனது, திரும்ப அடுப்புக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுபத்தொரு கிலோ ஒன்று எழுந்து குளியலறைக்குப் போனது.

அம்மா அறுபத்தோரு கிலோவின் பின்னாலேயே நடந்தார். வெளிச்சத்தின் மேல் மட்டும் மிதிக்கவில்லை. கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடப்பது போல ஓரத்துக் கல்லிலேயே கால் வைத்தார்.

"குதிகாலை அழுத்தித்தான் நடக்கறா" என்றார்.

"என்னங்கம்மா?"

"இல்லீங்க. நடை."

எனக்குப் புரிந்துவிட்டது. மூவாயிரம் தரையில் இப்படி நாலைந்து பேரைப் பார்த்திருக்கிறேன். விட்டுப்போன மனைவியைத் தேடி வந்த புருஷன் ஒருவன், கடன்காரன் ஒருவன். அந்த மாதிரி ஆட்கள் என்று தெரிந்தால் கருவியை மூடிவிட்டுப் புகார் எழுத வேண்டும் என்பது விதி. நான் எழுதவில்லை. இரக்கப்பட்டு விட்டேன் என்று நினைக்க வேண்டாம். புகார் எழுதினால் பதினோரு பக்கம் நிரப்ப வேண்டும், சோம்பல்தான் காரணம்.

அரை மணி முடிந்ததும் லோகேஷ் கேட்டான். "புடிச்சிருக்குங்களாம்மா? ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சிடலாம்."

"யோசிச்சுச் சொல்றனுங்க. இன்னொருக்கா பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

இரண்டாவது தடவை மூன்று நாள் கழித்து வந்தார். லோகேஷ் கீழே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு எடை கூடிட்டே போகுதுங்களா?"

"அந்த விவரமெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்கம்மா. நீங்களாப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்."

"அப்ப, வீடு நெறைய நடமாட்டம் இருந்த நாளு எதுங்க?"

அது கேட்கக்கூடிய கேள்விதான். கருவியில் தேடினேன். தை மாதம் பதினான்காம் தேதி. நானே சான்றில் எழுதியிருந்தேன்: 'காலை பத்து முதல் பத்தரை வரை வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே ஒருவர் பலமுறை போக்குவரத்து. பொருட்கள் ஏற்றி இறக்கியதாகத் தெரிகிறது. கூடத்தில் அமர்ந்தவரிடம் இடைவிட்டு அதிர்வு. காரணம் தெரியவில்லை.'

போட்டேன். கூடத்தின் நடுவில் அறுபத்தேழு கிலோ கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. எழுபத்தொன்று வாசலுக்கு வெளியே போனது, திரும்பி உள்ளே வந்தது. உட்கார்ந்திருந்ததன் முன்னால் முட்டி போட்டது. அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்தது. பிறகு எழுந்து, நின்ற இடத்திலேயே எடையை இடமும் வலமும் மாற்றிவிட்டு, மறுபடியும் வாசலுக்கு வெளியே போய்விட்டது. மறுபடியும் வந்தது.

"ஒண்ணு" என்றார் அம்மா.

"என்னங்கம்மா?"

"ரெண்டு... மூணு..."

மூன்றாவது தடவை வந்தபோது எழுபத்தொன்றின் நடை மாறியிருந்தது. இழுத்து இழுத்து, ஒரு காலில் மட்டும் பாரம் போட்டு வந்தது. உட்கார்ந்திருந்த வெளிச்சம் மினுக் மினுக்கென்று நடுங்கிற்று. நான் அதிர்வு என்று எழுதிய இடம் அதுதான்.

"நாலு... அஞ்சு." அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "வளைகாப்புங்க தம்பி."

"ரெண்டே பேருதானே இருக்காங்க?"

"சுமங்கலிப் பொம்பளைங்க அஞ்சு பேரு வந்து வளையல் போடோணுமுங்க. யாரு வருவாங்க? எங்க பக்கத்துல இருந்து கட்டுச்சோறு கட்டிட்டு நான் வந்திருக்கோணும், என்ற நாத்தனாரு வந்திருக்கோணும். ஒருத்தரும் வரலீங்களே. அதான் அந்தப் பையன் ஒருத்தனே வெளிய போயி வெளிய போயி அஞ்சு பேரா வந்திருக்கான். வளையல் போட்டு, சந்தனம் தடவி, ஆரத்தி சுத்தி. மூணாவதா வந்தானே, கால இழுத்துட்டு? அது கெழவி மாதிரி நடிச்சிருக்கான். அவ சிரிச்சிருக்கா பாருங்க, உக்காந்த எடத்துலயே."

அதிர்வு, காரணம் தெரியவில்லை என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தேன். பத்து வருட அனுபவம், இரண்டு விருது, சிரிப்பு தெரியவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டேனா என்றால், இல்லை. அடடா என்றுகூடத் தோன்றவில்லை. திருத்தம் அனுப்ப வேண்டுமா என்றுதான் யோசித்தேன்.

அன்று அவரே எல்லாவற்றையும் சொன்னார். மகள் பெயர் குழலி. கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு ஆட்கள். அப்பாக்காரர் பெருந்துறைப் பக்கம் ஊரில் பெரிய தலைக்கட்டு, விடுவாரா? காவல் நிலையத்தில் வைத்து, 'எங்களுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அது ஒரு காகிதம், நாலு வருடத்தில் கரையான் தின்றுவிடும், பேரன் பிறந்தால் மறந்துவிடும். இப்போது அது உறவு விலக்குப் பதிவு. ஒருதரம் விரல் வைத்துவிட்டால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன், எதில் தேடினாலும் அம்மாவுக்கு மகளைக் காட்டாது. மகளுக்கு அம்மாவைக் காட்டாது.

"நீங்களும் விரல் வச்சீங்களாம்மா?"

"வச்சனுங்க. 'வைடி'ன்னாரு, வச்சேன். என்ன ஏதுன்னு படிக்கக்கூட இல்லீங்க."

மாசியில் அந்த அப்பாக்காரர் போய்ச் சேர்ந்தார். தாலியறுத்தவள் மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாது என்று உள்ளேயே வைத்திருந்தார்கள். ஆனியில்தான் வெளியே வர முடிந்தது. ஊர்ப்பெண் ஒருத்தி இந்தக் குடியிருப்பின் பால்கனியில் குழலியை வாயும் வயிறுமாகப் பார்த்ததாக எப்போதோ சொல்லியிருந்தாள். அதை வைத்துக்கொண்டு தேடி வந்தால், கதவில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குகிறது.

"எதுத்த வீட்டுல கேட்டனுங்க. 'அப்படிங்களா, காலி பண்ணிட்டாங்களா?'ன்னு அவங்க என்னையக் கேக்கறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும் தம்பி. பிரசவத்துக்குப் போனவ நல்லபடியா வந்தாளா? அது தெரிஞ்சாப் போதும், நான் போயிட்டே இருப்பேன்."

அரை மணி முடிந்துவிட்டது. கருவியை எடுத்தேன். "இன்னும் ஒரு தடவை இருக்குங்கம்மா. அன்னைக்குப் பாத்துக்கங்க" என்றேன்.

எனக்கு விடை தெரியும். பதிவு முழுவதையும் படித்துத்தானே சான்று எழுதியிருந்தேன். பங்குனி பத்தொன்பது காலையில் எழுபதரை கிலோவும் எழுபத்தொன்றும் வாசலைத் தாண்டின. எழுபதரை நிலைப்படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனது. நாலாம் நாள் மத்தியானம் கதவு திறந்தது. உள்ளே வந்தது ஒருவர்தான்.

படித்தபோது அதை மூன்று நிமிடத்தில் கடந்து போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது.

மூன்றாவது தடவைக்கு அம்மா ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார். கையில் ஒரு துணிப்பை. லோகேஷ் பொறுமை இழந்திருந்தான். "சார், இந்தம்மா கையெழுத்துப் போடற கேஸ் இல்ல சார். மூணாவது தடவையும் பாத்துட்டுப் போயிருவாங்க. ஆவணிக்கு வேற பார்ட்டி நிக்குது" என்று என் காதில் முணுமுணுத்தான்.

நான் கருவியைத் தரையில் வைத்தேன். "பங்குனி பத்தொம்பதுல இருந்து போடட்டுங்களா?"

அம்மா கையை நீட்டித் தடுத்தார். "போடாதீங்க. எனக்குப் பாக்கத் தைரியமில்லீங்க. நீங்க படிச்சிருப்பீங்கல்ல? நீங்க சொல்லுங்க. என்ற மக..."

"வந்துட்டாங்கம்மா. நாலாம் நாளு வந்துட்டாங்க. மூணு பேரும்."

எப்படி அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு கிலோ கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் நெஞ்சு ஒன்றும் படபடக்கவில்லை.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "மூணு பேரும்" என்றார்.

"ஆமாங்கம்மா. ரெண்டு மாசம் இங்கதான் இருந்தாங்க. அப்பறம்தான் காலி பண்ணினாங்க."

"செரிங்க" என்றவர் லோகேஷ் பக்கம் திரும்பினார். "எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"

லோகேஷுக்கு நம்ப முடியவில்லை. "அம்மா, ஆடிங்க. ஆவணில..."

"இன்னைக்கே போடறனுங்க. முட்டி வலிக்கு இங்க வைத்தியம் பாக்கோணும்னு என்ற பையங்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். பாலெல்லாம் காய்ச்ச வேண்டியதில்லீங்க."

போட்டார். என் கருவி ஒருமுறை கீச்சென்றது. பதிவு அழிந்துவிட்டது. தையும் மாசியும் பங்குனியும் போயின. எனக்கு அப்போது வந்தது நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். இனிமேல் யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. மகள் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா கடைசிவரை இருந்துவிட்டுப் போகட்டும். அவள் குழந்தை முதன்முதலில் படுத்த வீட்டில் வாழ்ந்து பார்க்கட்டும் என்று எனக்கு நானே நல்லவனாகிக்கொண்டேன்.

பதினோரு மாதம் கழித்து ஆனியில் லோகேஷ் கூப்பிட்டான். நாலு சி காலியாகிறது, தரை படிக்க வேண்டும்.

அம்மா சாமானையெல்லாம் கட்டி வைத்திருந்தார். நாலே நாலு மூட்டை. "வாங்க தம்பி" என்று மோர் கொடுத்தார். இளைத்திருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். தனி ஆளின் பதிவு சீக்கிரம் ஓடிவிடும். அடுப்பு, கட்டில், பால்கனி, அடுப்பு. ஐம்பத்து மூன்று கிலோ. அவ்வளவுதான் வீடு.

கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. காலை எட்டு மணிக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் பெண்கள், நடையைப் பார்த்தாலே தெரியும். இவரோடு ஒன்பது. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த எடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தன, பின்னால் போயின. கும்மி என்றால் எடை சுற்றும். இது சுற்றவில்லை. ஒருவர் தோள் மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஆடும்போது ஒருத்தியின் பாரம் அடுத்தவள் மேல் விழுந்து, அவளுடையது அதற்கடுத்தவள் மேல் விழுந்து, எடை வட்டம் முழுக்க வழிந்துகொண்டே போகும். எங்கள் வேலையில் அதற்குச் சந்தேகமே கிடையாது. மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். சாவு வீடு. அப்படிப்பட்ட வட்டத்துக்கு நடுவில் தெற்கே தலை வைத்து ஓர் எடை அசையாமல் கிடக்கும். இங்கே நடுவில் ஒன்றுமில்லை. ஒரு கிராம்கூட இல்லை. நாலு மணி நேரம் அந்த வெறும் கல்லைச் சுற்றி ஒன்பது பேர் ஆடியிருந்தார்கள்.

நான் நிமிர்ந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மருதமலைக்குப் போறோம்னு வீட்டுல சொல்லிட்டு எங்க ஊர்ப் பொம்பளைங்க எட்டுப் பேரு பஸ் ஏறி வந்தாங்க. நல்லவளுங்க. சாயங்காலத்துக்குள்ள திரும்பிப் போயிட்டாங்க" என்றார்.

"உங்களுக்கு... எப்படித் தெரியுமுங்கம்மா?"

"ஏந்தம்பி, மூணு பேரா வந்திருந்தா நீங்க வாயால சொல்லிட்டு இருப்பீங்களா? 'இத பாருங்கம்மா'ன்னு போட்டுக் காட்டியிருக்க மாட்டீங்க? நான் வேண்டாம்னாலும் புடிச்சு இழுத்துக் காட்டியிருப்பீங்க."

நான் குனிந்து கருவியைப் பார்த்தேன்.

"கோவமில்லீங்க. எனக்காகத்தான் சொன்னீங்க. எனக்கும் ஒரு வீடு வேண்டியிருந்துது. எங்கூட்டுல அழ முடியாதுங்களே. அவ போன மூணாம் நாளே அவரு கருமாதி பண்ணிட்டாரு. உசுரோட இருக்கறவளுக்கு. ஊரெல்லாம் அவ போட்டோ போட்டுக் 'கண்ணீர் அஞ்சலி'ன்னு ஒட்டி, பந்தி வச்சு. நானும் கூடத்துல உக்காந்து மாரடிச்சேன், எல்லாரும் பாக்கறாங்களேன்னு. இப்ப நெசமாவே போயிட்டா, போயி மறுபடி அழுதா? 'ஒருத்திக்கு எத்தனை தரம்மா எழவு?'ன்னு பையன் கேப்பான். அவ இருந்த எடத்துல வச்சு ஒருக்கா ஒழுங்கா அழுதுட்டா மனசு ஆறும்னு வந்தனுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து அழுதோம். அவளுக்கு ஒரு பாட்டு, அந்தக் கொழந்தைக்கு ஒரு பாட்டு. கண்ணு முழிச்சுப் பாக்காத கொழந்தைக்குப் பாட்டே கெடையாதுங்க. எங்கூர்க்காரி ஒருத்தி புதுசாக் கட்டிப் பாடினா."

மோர் டம்ளர் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைத்த இடத்தில் கல் லேசாக மினுங்கியது.

"கொழந்தைக்கு எதுக்குங்கம்மா பாடினீங்க?" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"கொழந்தை வந்துச்சுங்கம்மா" என்றேன். "நாலாம் நாளு அவரு மட்டும்தான் வந்தாரு, நெசம். ஆனா போறப்ப எழுபத்தொண்ணு. வந்தப்ப எழுபத்திமூணு, எழுநூறு. பை தூக்கிட்டு வர்றவங்க ஒரு பக்கமாச் சாஞ்சு நடப்பாங்க. அவரு சாயல. நெஞ்சுல வச்சுட்டு, ஒவ்வொரு கல்லா, மெதுவா நடந்து வந்தாரு. அப்பறம் ரெண்டு மாசம் இந்தக் கூடத்துல நடந்துட்டேதான் இருந்தாரு."

அம்மா கூடத்து நடுக் கல்லைப் பார்த்தார்.

"அப்ப மறுபடியும் உசுரோட இருக்கற ஒண்ணுக்கு எழவு வச்சுட்டனுங்களா?"

அன்றைக்குக் கருவியைப் போட்டிருந்தால் அவர் அதைத் தன் கண்ணால் பார்த்திருப்பார். கையெழுத்தும் போட்டிருக்க மாட்டார். தரையில் அந்தக் குழந்தை இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்.

"எங்க படுக்க வச்சிருந்தானுங்க? எந்தக் கல்லு?"

யோசித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரைகள் வந்துவிட்டன. சான்றில் எழுதிய எண் மட்டும்தான் தலையில் இருந்தது. "ஞாபகம் இல்லீங்கம்மா" என்றேன். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எனக்கு வலித்தது.

"ஆணா, பொண்ணா?"

"எடையில அது தெரியாதுங்கம்மா."

"அவங்க எங்க போனாங்கன்னு?"

"தரைக்கு வாசல் வரைக்கும்தான் தெரியும்."

அம்மா இடது கையை விரித்து விரல் கணுக்களில் எண்ண ஆரம்பித்தார். ஒருமுறை எண்ணிவிட்டு, திருப்தியில்லாமல், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். கீழே லோகேஷ் வண்டிக்காரனிடம் சாமானை எப்படி ஏற்றுவது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மிங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா. ரெண்டு எழுநூறு."

"நாலு நாளு ஆஸ்பத்திரியில பச்சத்தண்ணிகூடக் குடிக்காமக் கெடந்திருப்பானுங்க அந்தப் பையன். பொண்டாட்டியக் குடுத்துட்டு வந்தவன். ஒரு கிலோவாச்சும் எளைச்சிருக்க மாட்டானுங்களா?"

"எளைச்சிருப்பாருங்கம்மா."

"அப்ப அதையும் சேத்துக்கோணும். மூணே முக்காலு வருதுங்க." அவர் எண்ணிய விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். "நல்ல எடைதானுங்க தம்பி."